தொலைந்த பெட்டியின் ராகம்

அரவேணு கடைவீதியில் ஜெய்புன்னிசா அரபிப் பாடம் படித்ததைக் கேட்டு ஒரு கரடி உட்கார்ந்துவிட்டது. வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். கரடி நின்றது என்று கொஞ்சம் குறைத்துச் சொன்னால் நம்புகிறார்கள். அவர்கள் வசதிக்காக நடந்ததைக் குறைக்க முடியாது. கரடி உட்கார்ந்தது. சம்மணம் போடவில்லை, அவ்வளவுதான்.

கரடி வருவதற்கு முன்னால், ஜெய்புன்னிசா எதற்காக அரபி படிக்கப் போனாள் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

அவள் புருஷன் ஷௌகத் அலி பதினெட்டு வருஷம் சவூதியில், தம்மாமில் தண்ணீர் லாரி ஓட்டியவர். ஒரு முழங்காலைக் கிளட்சுக்கும் இன்னொன்றை பிரேக்குக்கும் கொடுத்துவிட்டு, இரண்டிலும் பட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பி, வீட்டின் முன்பக்கத்தில் மளிகைக்கடை வைத்தார். அங்கே கூட வேலை பார்த்த ஒரு எகிப்துக்காரர் இன்றைக்கும் போனில் கூப்பிடுவார். கல்லாவில் உட்கார்ந்தபடி ஷௌகத் அலி கடைவீதி முழுக்கக் கேட்கிற மாதிரி அரபியில் பேசுவார், தொடையைத் தட்டிச் சிரிப்பார். என்ன பேசினீங்க என்று ஜெய்புன்னிசா கேட்டால் எப்போதும் ஒரே பதில்தான்.

"அதெல்லாம் உனக்கெதுக்கு."

ஜெய்புன்னிசாவுக்கு அரபி தெரியாது என்று சொல்லிவிடவும் முடியாது. ஏழு வயதில் மதரஸாவில் உட்கார்ந்து குர்ஆன் ஓதக் கற்றவள். குரல் அப்படி ஒரு குரல். கோத்தகிரியிலும் குன்னூரிலும் எந்த வீட்டில் பெண்கள் கூடி ஓதினாலும் அவளைக் கூட்டிப்போக ஜீப் வரும். அவள் ராகம் எடுத்தால் அடுப்பில் பால்கூடக் கொஞ்சம் பொறுத்திருந்து பொங்கும் என்பார்கள். ஆனால் ஓதியதில் ஒரு வரிக்கும் அவளுக்கு அர்த்தம் தெரியாது. யாரும் சொல்லித் தரவில்லை, அவளும் கேட்டதில்லை.

ஒருநாள் குன்னூரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் வீடு நிறைய உட்கார்ந்துகொண்டு அவள் ஓதுவதைப் புகழ்ந்து முடித்தார்கள். ஷௌகத் அலி டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

"ஓதுவா, நல்லாத்தான் ஓதுவா. டேப் ரெக்கார்டருந்தான் ஓதுது. டேப் ரெக்கார்டருக்கு அர்த்தமா தெரியுது?"

எல்லோரும் சிரித்தார்கள். ஜெய்புன்னிசாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். சொன்னது பொய்யாக இருந்திருந்தால் அன்றைக்கே மறந்திருப்பாள். அடுத்த வாரம் ஊட்டி பஸ்ஸில் ஏறினாள்.

ஊட்டியில் ஒரு பல்கலைக்கழகத்தின் மொழித்துறை வாரக் கடைசியில் அரபி வகுப்பு நடத்திக்கொண்டிருந்தது. முதல் நிலை, இடைநிலை, மேல்நிலை என்று மூன்று. யார் எதில் சேர வேண்டும் என்பதை ஆசிரியர் நௌஷாத் ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லி முடிவு செய்வார். ஜெய்புன்னிசா முன்னால் பக்கத்தை வைத்தார். அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, தனக்குத் தெரிந்த ஒரே விதத்தில், ராகம் போட்டு ஓதினாள். எங்கேயும் தட்டவில்லை, தடுக்கவில்லை. நௌஷாதுக்குக் கண் கலங்கிவிட்டது. அவருடைய தாயாரும் மேட்டுப்பாளையத்தில் இப்படித்தான் ஓதுவாராம். இப்படி ஓதுகிறவரை எழுத்துக்கூட்டுகிற வகுப்பில் உட்காரவைப்பது பாவம் என்று 'இடைநிலை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அர்த்தம் தெரியுமா என்று கேட்க அவருக்குத் தோன்றவே இல்லை. அவர் இடத்தில் ஒரு வெள்ளைக்காரன் இருந்திருந்தால் அதைத்தான் முதலில் கேட்டிருப்பான்.

வகுப்பு தொடங்கியது. முதல் பாடம், விமான நிலையத்தில் ஒரு பயணியின் பெட்டி தொலைந்துபோவது. நௌஷாத் பெருமையோடு ஜெய்புன்னிசாவை வாசிக்கச் சொன்னார். அவள் வாசித்தாள். முன்வரிசைப் பெண்கள் துப்பட்டாவை எடுத்துத் தலையில் போட்டார்கள். கீழ் கோத்தகிரியிலிருந்து வந்த கெஸியா சர்ச் கொயரில் பாடுகிறவள். போன வருஷம் பிரெஞ்சு வகுப்பில் இடம் கிடைக்காமல் அரபிக்கு வந்து முதல் நிலையை முடித்தவள். அவளும் கண்ணை மூடிக் கைகூப்பினாள். கடைசி வரி முடிந்ததும் பின்னாலிருந்து யாரோ ஆமீன் சொன்னார்கள்.

"ரொம்ப அழகுங்க," என்றார் நௌஷாத். "இப்ப சொல்லுங்க. பொட்டி எங்க தொலைஞ்சுது?"

"எந்தப் பொட்டிங்க சார்?" என்றாள் ஜெய்புன்னிசா.

வகுப்பு முடிந்ததும் நௌஷாத் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். தப்பு தன்னுடையதுதான் என்றார். முதல் நிலைக்கு மாறிக்கொண்டால் யாருக்கும் சங்கடம் இல்லை என்றார். வருஷக் கடைசியில் வெளியூரிலிருந்து ஒரு தேர்வாளர் வந்து வாய்மொழித் தேர்வு நடத்துவார், அதில் தேறாவிட்டால் அவர்களே கீழே இறக்கிவிடுவார்கள், அப்போது உங்களுக்கும் அவமானம், எனக்கும் அவமானம் என்றார். எல்லாவற்றையும் ஜெய்புன்னிசா மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள்.

"ஏத்திவிட்டது நீங்கதானுங்க," என்றாள். "எறங்கறது எம்பாடு. நான் எறங்க மாட்டேன்."

சரி, அப்படியானால் ஒரு நிபந்தனை என்றார் நௌஷாத். ராகத்தை விட வேண்டும். இது பெட்டி தொலைத்தவன் பேசுகிற பேச்சு, பேசுகிற மாதிரிதான் வாசிக்க வேண்டும். தேர்வாளர் முன்னால் ராகம் வந்தால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது.

அவள் முயற்சி செய்யாமல் இல்லை. பஸ்ஸில் கெஸியாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பேசுகிற மாதிரி வாசித்துப் பார்த்தாள். தொட்டபெட்டா தாண்டுவதற்குள் முதல் வரியிலேயே நின்றுவிட்டாள். குன்னூர் ரயில் பாதைக்கு நடுவில் ஒரு பல் தண்டவாளம் போட்டிருப்பார்களே, அதைப் பிடித்துக்கொண்டுதான் வண்டி மலை ஏறும். ஜெய்புன்னிசாவுக்கு ராகம் அந்த மாதிரி. அதைக் கழற்றினால் வண்டி பின்னால் போகிறது. கெஸியாவின் பாடு நேர்மாறு. அகராதி முழுக்க அவள் தலையில் இருந்தது. வாசிக்கச் சொன்னால் மட்டும் ஒவ்வொரு எழுத்தாகக் கல் பொறுக்குவாள்.

"ஆன்ட்டி, நீங்க பாடுங்க. நான் அர்த்தம் சொல்றேன்," என்றாள் கெஸியா. "நௌஷாத் சாரு பஸ்ல வரமாட்டாருல்ல."

அன்றிலிருந்து ஊட்டி–கோத்தகிரி பஸ்ஸில் பெட்டி தினுசு தினுசாகத் தொலைந்தது. ஜெய்புன்னிசா ஒரு வரி ஓதுவாள், கெஸியா அதைத் தமிழில் சொல்வாள். பிறகு கெஸியா அதே ராகத்தில் அந்த வரியைத் திருப்பி ஓதுவாள், ஜெய்புன்னிசா அர்த்தம் சொல்வாள். கண்டக்டர் அந்த இரண்டு சீட்டுக்கு வரும்போது மட்டும் விசிலை வாயிலிருந்து எடுத்துவிடுவார்.

வீட்டில் அவள் ஒழுங்கு வைத்திருந்தாள். வேதம் ஓதுவது கைகால் முகம் கழுவி ஒளுச் செய்து, உள்ளறையில், பலகைமேல் வைத்து. பாடம் படிப்பது சமையலறை மேடையில், வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில். இரண்டையும் அவள் ஒருநாளும் கலக்கவில்லை. ஆனால் சமையலறை ஜன்னல் தேயிலைச் சரிவைப் பார்த்து இருந்தது. குரலுக்கு வெங்காயக் கூடை தெரியுமா என்ன.

கரடி வந்தது ஒரு விடியற்காலை, பனி இன்னும் விலகாத நேரம். கடையின் பின்வாசலில் இருந்த எண்ணெய் டின்னுக்காகத்தான் வந்தது. அந்தப் பக்கத்துக் கரடிகளுக்கு எண்ணெய்மேல் ஒரு பிரியம், கோயில் விளக்கைக்கூட விடுவதில்லை. ஷௌகத் அலி டார்ச்சோடு பின்வாசலைத் திறந்தவர் திறந்தபடியே நின்றுவிட்டார். ஜன்னல் வழியாக ஜெய்புன்னிசாவும் அதைப் பார்த்தாள். அப்போது பயணி தன் பெட்டியின் அடையாளத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான்: கறுப்பு நிறம், நான்கு சக்கரம், கைப்பிடியில் சிவப்பு ரிப்பன். பாதியில் நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பதால் அவள் நிறுத்தவில்லை. கரடி உட்கார்ந்தது. சிவப்பு ரிப்பன் வரைக்கும் கேட்டது. பாடம் முடிந்ததும் எழுந்து வந்த வழியே போய்விட்டது. டின்னைத் தொடவில்லை.

"வேற எங்கியோ வவுறு நெறைய எண்ணெ குடிச்ச கரடி எதக் கேட்டாலும் உக்காரும்," என்றார் ஷௌகத் அலி, பத்து மணிக்கு மேல், குரல் திரும்பிய பிறகு.

ஆனால் ஊர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. மறுநாள் எஸ்டேட்டில் இலை பறிக்கும் காளியம்மாள் ஒரு பாட்டிலில் தண்ணீரோடு வந்தாள். குழந்தைக்குக் காய்ச்சலென்றால் பள்ளிவாசலில் ஓதி ஊதிய தண்ணீர் வாங்கிப்போவது மலையில் எல்லா மதத்துக்காரர்களுக்கும் பழக்கம். பள்ளிவாசலுக்கு ஏற்றம் ஏற வேண்டும், கடை பஸ் ஸ்டாப்பிலேயே இருக்கிறது.

ஜெய்புன்னிசா பதறிப்போனாள். தான் படித்தது வேதமே இல்லை என்றாள். பொட்டி தொலைஞ்ச கதை, ஏரோப்ளேன்ல போறவனோடது என்று விளக்கினாள்.

"எதுவோ இருக்கட்டும்ங்க பாயம்மா," என்றாள் காளியம்மாள். "நீங்க ஊத வேண்டாம். நான் பாட்டில இந்த ஜன்னல்ல வெச்சுக்கறேன். உங்க சோலிய நீங்க பாருங்க."

காய்ச்சல் விட்டுவிட்டது. காய்ச்சல் என்றாலே விடத்தான் செய்யும். ஆனால் இந்தக் காய்ச்சல் பாடம் முடிந்த கையோடு விட்டது. அதற்குப் பிறகு ஜன்னலில் பாட்டில் இல்லாத நாளே இல்லை.

எஸ்டேட் ஆபீஸ் மனுவேல் கதைதான் பெரிய கதை. மஸ்கட்டிலிருந்து வந்த அவர் மகளின் பெட்டி கோயம்புத்தூர் விமான நிலையத்தில் வந்து சேரவில்லை. மனுவேல் கடைக்கு வந்து ஒரு தீப்பெட்டி வாங்கினார். பாடம் முடியவில்லை என்று இன்னொரு தீப்பெட்டி வாங்கினார். ஜெய்புன்னிசா கடைசி வரியை முடித்தபோது அவர் கையில் ஒரு வருஷத்துக்கான தீப்பெட்டி இருந்தது. அடுத்த நாள் பெட்டி வாடகைக் காரில் வீட்டுக்கே வந்து இறங்கியது. கறுப்புப் பெட்டி. கைப்பிடியில் சிவப்பு ரிப்பன். அன்றைக்கு மட்டும் ஷௌகத் அலி எகிப்துக்காரரின் போனை எடுக்கவில்லை.

அவருடைய சங்கடமும் கொஞ்சநஞ்சமல்ல. அந்தக் கடைவீதியிலேயே அது பெட்டிப் பாடம் என்று காதால் கேட்டுப் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள் அவர்தான். வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். பதினெட்டு வருஷம் அங்க இருந்தவன் சொல்றேன், பொட்டி, சக்கரம், கவுண்டர்னுதான் வருது என்றார். கேட்டவர்கள் அவரைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் பாட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்தி வைத்தார்கள். கடைசியில் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய் முறையிட்டார். ஹஜ்ரத் பொறுமையாகக் கேட்டார். அவங்க அதை வேதம்னு சொன்னாங்களா என்றார். இல்லை, பெட்டின்னுதான் சொல்றா என்றார் ஷௌகத் அலி. பிறகு உங்களுக்கு என்ன குறை என்று ஹஜ்ரத் தஸ்பீஹ் மணிமாலையை எடுத்துக்கொண்டார்.

ஷௌகத் அலி வீட்டுக்கு வந்து நேராகச் சமையலறைக்குப் போனார்.

"போதும் நிறுத்து, ஜெய்புனு. ஊரே சிரிக்குது."

"ஊரு சிரிக்கலீங்க," என்றாள் அவள், வெங்காயத்திலிருந்து தலை நிமிராமல். "நீங்க மட்டுந்தான் சிரிக்கறீங்க."

"பரீச்சை வரட்டும். மேல ஏத்துனவங்களே கீழ எறக்கி அனுப்புவாங்க. அப்பத் தெரியும் டேப் ரெக்கார்டரா இல்லியான்னு."

வருஷத்தின் பிற்பாதியில்தான் உண்மையான கஷ்டம் வந்தது. வேதத்தில் ஒவ்வொரு எழுத்துக்கு மேலும் கீழும் சின்னச் சின்னக் கோடுகள் இருக்கும். எப்படி உச்சரிக்க வேண்டும் என்று அவை காட்டிவிடும், அர்த்தம் தெரிய வேண்டியதில்லை. இடைநிலைப் புத்தகம் பாதிக்கு மேல் அந்தக் கோடுகளை எடுத்துவிடுகிறது. வார்த்தை என்னவென்று தெரிந்தால்தான் வாசிக்கவே முடியும். முதல் நாள் அந்த மொட்டைப் பக்கத்தைப் பார்த்து ஜெய்புன்னிசாவின் ராகம் வாயிலேயே நின்றது. நௌஷாத் முதல் நிலை வகுப்பு இருந்த அறைப் பக்கம் ஒருதரம் பார்த்தார். அந்தப் பார்வை போதுமானதாக இருந்தது. அதற்குப் பிறகு அவள் அரிசி களையும்போதும், கடையில் சர்க்கரை நிறுக்கும்போதும், பஸ் படியில் நின்றபோதும் வார்த்தை வார்த்தையாக மென்றாள். அர்த்தம் முதலில் வந்தது, உச்சரிப்பு அதன் பின்னால் வந்தது, ராகம் இரண்டையும் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டது. ஓதி முடித்த பிறகு, பெட்டி எங்கே தொலைந்தது என்று யாரும் இனி அவளைக் கேட்க வேண்டியதில்லை. பயணியைவிட அவளுக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது.

தேர்வாளர் சாதியா மேடம் சமவெளியிலிருந்து வந்தவர். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தார், அப்படியும் நடுங்கினார். யாரையும் பார்த்துச் சிரித்ததாகச் சரித்திரம் இல்லை என்று பேச்சு. தேர்வு அறைக்கு வெளியே நௌஷாத் எல்லோரிடமும் கெஞ்சினார். இன்றைக்கு ஒரு நாள், தயவு செய்து, பேசுகிற மாதிரி வாசியுங்கள்.

ஏனென்றால் அதற்குள் வகுப்புக்கே அந்த ராகம் தொற்றியிருந்தது. முதலில் கெஸியா உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து ராகம் கிளம்பியது, சர்ச் கொயரின் இழுப்போடு. அவள் முகம் சிவந்து வெளியே வந்தாள். சாரி சார், அதுவா வந்துருச்சு என்றாள். அடுத்து ஊட்டி போட்டோ ஸ்டுடியோக்காரர் சிவகுரு போனார். ஆஞ்சநேயர் கோயில் பஜனைக் குழுவில் இருப்பவர். அவருடைய ராகத்துக்குத் தாளமும் இருந்தது, மேஜையைத் தட்டியிருக்கிறார். நௌஷாத் சுவரில் சாய்ந்துகொண்டார்.

மூன்றாவது ஆள் முடித்ததும் சாதியா மேடம் தானே கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்.

"யாரோட ராகம் இது?"

நௌஷாத் வாயைத் திறப்பதற்குள் ஜெய்புன்னிசா பெஞ்சிலிருந்து எழுந்தாள்.

"என்னோடதுங்க."

அவளை உள்ளே கூப்பிட்டார்கள். மேஜைமேல் ஒரு பக்கம், கோடுகள் இல்லாத மொட்டைப் பக்கம். ஓட்டல் மேனேஜரிடம் ஒரு விருந்தாளி போய், அறையில் வெந்நீர் வரவில்லை என்று புகார் சொல்வது.

"ராகம் இல்லாம வாசிங்க," என்றார் சாதியா மேடம்.

ஜெய்புன்னிசா பக்கத்தை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தாள். ராகத்தை விட்டு வாசித்தாலும் இப்போது வந்துவிடும், அர்த்தம் தெரிகிறதே. அது அவளுக்கே அந்த நிமிஷம்தான் புரிந்தது. புரிந்ததும் பயம் போய்விட்டது.

"முடியாதுங்க மேடம்," என்றாள். "ராகம் போடக் கூடாதுன்னு எந்த ரூல்லயும் இல்ல. ஆபீஸ்ல நான் கேட்டுட்டேன். தப்பா வாசிச்சா எறக்கி விடுங்க. பாடுனதுக்கு எறக்கக் கூடாது."

பதிலுக்குக் காத்திராமல் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஓதினாள். வராந்தாவில் போய்க்கொண்டிருந்த பியூன் தட்டைக் கீழே வைத்துவிட்டு நின்றார். ஒரு வார்த்தை தவறவில்லை. குழாய் அழுதது, வாளி காத்திருந்தது, மேனேஜர் நாளைக்கு ஆகும் என்றார்.

அதற்குமேல் நடந்ததெல்லாம் அரபியில் நடந்தது. விருந்தாளியின் குறை என்ன என்று சாதியா மேடம் கேட்டார். வெந்நீர் இல்லை, சொன்னால் கேட்க ஆளும் இல்லை, இரண்டாவதுதான் பெரிய குறை என்றாள் ஜெய்புன்னிசா. அந்த ஆள் கோபத்தில் இருக்கிறாரா, இல்லையா? இருக்கிறார். அப்புறம் ஏன் நீங்கள் படிக்கும்போது அவர் இறைவனிடம் துஆ கேட்கிற மாதிரி இருக்கிறது?

ஜெய்புன்னிசா யோசித்தாள். இந்தப் பதில் புத்தகத்தில் இல்லை. வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்து அவளே கோத்துச் சொன்னாள்.

"அவர் பல நாளாகப் பேசுகிற மாதிரிதான் சொல்லிப் பார்த்தார். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாடினால் நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். நீங்கள் கேட்டீர்களே."

சாதியா மேடம் சிரிக்கவில்லை. ஸ்வெட்டர் கையை விரல் நுனி வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டார். தான் தங்கியிருக்கிற விடுதியிலும் இரண்டு நாளாக வெந்நீர் இல்லை, இன்றைக்கு மேனேஜரிடம் இதையே செய்து பார்க்கலாம்போல இருக்கிறது என்று அரபியில் சொல்லிவிட்டு, இடைநிலை தேர்ச்சி என்று எழுதினார். செய்து பார்த்தாரா என்பது தெரியாது. அந்த விடுதியில் மறுநாள் வெந்நீர் வந்தது என்று மட்டும் கெஸியா சத்தியம் செய்கிறாள்.

அன்று பொழுது சாயும் நேரம் ஜெய்புன்னிசா அரவேணுவில் இறங்கினாள். ஷௌகத் அலி கல்லாவில் இருந்தார். எகிப்துக்காரர் போனில் இருந்தார். அவளைப் பார்த்ததும் ஷௌகத் அலி போனை மூடினார்.

"என்ன ஆச்சு? எறக்கிட்டாங்களா?"

ஜெய்புன்னிசா அவருக்கு அரபியில் பதில் சொன்னாள். நீளமான பதில், நல்ல புத்தக அரபி. தண்ணீர் லாரிப் பக்கமெல்லாம் புழங்காத அரபி. ஷௌகத் அலி பாதியிலேயே வழி தவறினார்.

"என்ன சொன்னே?"

"அதெல்லாம் உங்களுக்கெதுக்கு," என்றாள், உள்ளே போனாள்.

சமையலறை மேடையில் அடுத்த நிலைப் புத்தகத்தை வைத்துப் பிரித்தாள். ஜன்னலில் வழக்கம்போலப் பாட்டில்கள் வரிசையாக இருந்தன. காளியம்மாளுடையது, மனுவேலுடையது, பெயர் தெரியாத இரண்டு மூன்று. கடைசியில் ஒரு பாட்டில் கொஞ்சம் ஒதுங்கி, மற்றதற்குப் பின்னால் மறைந்த மாதிரி நின்றது. கழுத்தில் முழங்காலுக்குக் கட்டுகிற பட்டையின் பழைய துண்டு ஒன்று சுற்றியிருந்தது, மாறிப்போகாமல் இருப்பதற்காக.

ஜெய்புன்னிசா அதைத் தொடவில்லை. கூப்பிட்டுக் கேட்கவும் இல்லை. கடைப் பக்கத்துக் கதவை இன்னும் கொஞ்சம் திறந்து வைத்தாள். முதல் பாடம், பல் டாக்டரிடம் போவது பற்றியது. குரலை ஒரு படி மேலே ஏற்றித் தொடங்கினாள்.